உவர்மலையில் இருந்து ஒரு 943: அமெரிக்கப் பண்ணை வேலையாட்களின் ஆண்டு வரிப் படிவம்

படிவம் 943-ஐத் திறந்து முதல் வரியில் இருந்து நிரப்பத் தொடங்குகிறவருக்கு அந்த நாள் அதோடேயே போய்விடும். ஆட்களைப் பிரித்து வைத்துவிட்டு வருகிறவருக்குக் கொஞ்ச நேர வேலை. புதிதாகப் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: படிவத்தை மூடி வை, பெயர்ப் பட்டியலை எடு.

திருகோணமலை உவர்மலையில் ஒரு மாடி அறையில் இருந்துதான் நான் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள திராட்சை, பாதாம் பண்ணைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். கொழும்பில் பழகிய வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகும் மடிகணினியும் இணையமும் இருப்பதால் ஓடுகிறது. என்னோடு இருந்து பழகும் தம்பியும் தங்கச்சியும் கேட்கிற கேள்விகள் வருடா வருடம் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

நமக்கு ஊழியர் சேமலாப நிதி தெரியும். ஊழியரிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். அமெரிக்காவில் இதற்கு ஈடாக இரண்டு வரி. சமூகப் பாதுகாப்பு வரி வேலையாளிடம் 6.2, முதலாளியிடம் 6.2. முதியோர் மருத்துவக் காப்புறுதிக்கான மெடிகெயார் வரி ஆளுக்கு 1.45. இவற்றோடு வேலையாளின் சம்பளத்தில் பிடித்த மத்திய அரசு வருமான வரியையும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். கடை, தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் இதைப் பொதுவாகக் காலாண்டுக்கு ஒரு தடவை படிவம் 941-இல் காட்டுவார்கள். பண்ணைக்காரர் வருடத்துக்கு ஒரு தடவை 943-இல் காட்டுவார். ஆனால் காட்டுவதுதான் வருடத்துக்கு ஒரு தடவை. கட்டுவது அப்படியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆட்கள்

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கேள்வி: இவர் செய்தது பண்ணை வேலையா? நிலத்தை உழுவது, நடுவது, கவாத்து வெட்டுவது, அறுவடை செய்வது, கால்நடை பார்ப்பது, பண்ணையின் உழவு இயந்திரத்தைப் பழுது பார்ப்பது எல்லாம் பண்ணை வேலை. அதே முதலாளி நகரத்தில் ஒரு கடை வைத்து, வாங்கி விற்கிற சாமான்களையும் சேர்த்து வியாபாரம் செய்தால், அந்தக் கடையில் நிற்கிற பெண் பண்ணை வேலையாள் இல்லை. அவருடைய சம்பளம் 941-க்குப் போகும். இரண்டையும் ஒரு படிவத்தில் கலக்கவே கூடாது. சம்பள மென்பொருளில் ஆளைப் புதிதாகப் பதியும்போதே எந்தப் படிவத்துக்கு உரியவர் என்று குறித்துவிடுங்கள். ஜனவரியில் பிரிப்பது தலைவலி.

அடுத்த கேள்வி, இவருடைய சம்பளத்துக்கு இந்த இரண்டு வரியும் உண்டா என்பது. இதற்கு இரண்டு சோதனை. ஒருவருக்கு அந்த வருடத்தில் 150 டொலரோ அதற்கு மேலோ காசாகக் கொடுத்திருந்தால் வரி உண்டு. அல்லது பண்ணை வேலைக்கென்று எல்லாருக்குமாகச் சேர்த்து, காசும் பொருளுமாக, 2,500 டொலரோ அதற்கு மேலோ செலவழித்திருந்தால் எல்லாருடைய காசுச் சம்பளத்துக்கும் வரி உண்டு. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். ஆள் வைத்து நடத்துகிற எந்தப் பண்ணையும் இரண்டாவது சோதனையை முதல் கிழமையிலேயே தாண்டிவிடும். அதனால் 150 டொலருக்குக் குறைந்தவர் என்று யாரையும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

இந்த இரண்டாவது சோதனைக்கு ஒரேயொரு விலக்கு இருக்கிறது. அது நான்கு நிபந்தனையும் சேர்ந்தே பொருந்தினால்தான். கையால் அறுவடை செய்பவராக இருக்க வேண்டும், அந்த இடத்தில் வழக்கமாகவே எண்ணிக்கைக் கூலி கொடுக்கிற வேலையாக இருக்க வேண்டும். தன் சொந்த வீட்டில் இருந்து தினம் வந்து போகிறவராக இருக்க வேண்டும். முந்தைய வருடத்தில் 13 கிழமைக்குக் குறைவாகவே விவசாய வேலை செய்திருக்க வேண்டும். இந்த வருடம் அவருக்குக் கிடைத்தது 150 டொலருக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் அவருக்கு வரி இல்லை. ஆனால் 2,500 கணக்கில் அவருடைய கூலியும் சேரும். பாடசாலை விடுமுறைக்கு ஒருநாள் வந்து பழம் பறித்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இது பொருந்தக்கூடும். வருடா வருடம் பண்ணை பண்ணையாகப் போகிற ஆளுக்குப் பொருந்தாது.

எண்ணிக்கைக் கூலி என்றேன். உலர்ந்த திராட்சைப் பண்ணையில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம், நான் பார்த்தது காணொளியில்தான் என்றாலும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் குலையை வெட்டி, கொடி வரிசைகளுக்கு நடுவே தரையில் விரித்த காகிதத் தட்டில் பரப்பி, அப்படியே வெயிலில் காயவிடுவார்கள். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மேற்பார்வையாளர் எழுதி அனுப்புகிற தாளில் மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் தட்டு எண்ணிக்கையும் இருக்கும். கலிபோர்னியாவில் எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு ஓய்வு நேரத்துக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். அது தனி நிரலில் வருவதால் சிலர் அதைச் சம்பளத்தோடு கூட்ட மறந்துவிடுகிறார்கள். அதுவும் சம்பளம்தான், அதற்கும் வரி உண்டு.

எச்-2ஏ விசாக்காரர்

இந்த இடத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. தற்காலிக விவசாய வேலைக்கென்று எச்-2ஏ விசாவில் வந்த ஆட்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும் இல்லை, மெடிகெயாரும் இல்லை. முதலாளி பங்கும் இல்லை. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இல்லை. வருமான வரி பிடிப்பதும் கட்டாயமில்லை. வேலையாளும் முதலாளியும் இருவரும் ஒத்துக்கொண்டு, ஆள் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவம் எழுதிக் கொடுத்தால் மட்டும் பிடிக்கலாம். அப்படிப் பிடித்திருந்தால் அந்தத் தொகை 943-இன் வருமான வரி வரியில் சேரும். ஆனால் அவர்களுடைய சம்பளத் தொகை, படிவத்தில் சமூகப் பாதுகாப்புச் சம்பளம், மெடிகெயார் சம்பளம் என்று இருக்கிற இரண்டு வரிகளிலும் சேரவே கூடாது.

அதற்காக அந்த ஆட்களை முழுக்க மறந்துவிடவும் கூடாது. வருட முடிவில் அவர்களுக்கும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 கொடுக்க வேண்டும். முதலாவது பெட்டியில் சம்பளம் இருக்கும், மூன்றாவதும் ஐந்தாவதும் வெறுமையாக இருக்கும். வரி அடையாள இலக்கம் எதுவும் தராத எச்-2ஏ ஆளின் சம்பளத்தில் 24 வீதம் பிடிக்க வேண்டிவரும். அது 943-இல் அல்ல, படிவம் 945-இல் போகிறது. அந்த நிலைக்கு வரவிடாமல், ஆள் வந்து இறங்கியவுடன் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பி இலக்கம் எடுக்கச் சொல்லி முதலாளிக்கு எழுதுங்கள்.

இன்னும் மூன்று வகை ஆட்களை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்ணை தனி ஒருவரின் பெயரில் இருந்து, அவருடைய 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை அதில் வேலை செய்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த இரண்டு வரியும் இல்லை. பண்ணை கம்பனியாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. காசுக்குப் பதில் விளைபொருளாகக் கொடுத்த கூலிக்கும் வரி இல்லை, ஆனால் கொடுத்த கையோடு விற்றுக் காசாக்கிக் கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்தால் அது காசாகவே கணக்கு. கடைசியாக, ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்து தானே கூலியும் கொடுக்கிற ஒப்பந்தக்காரர். நம்மூரில் தம்பலகாமத்து வயல் வெட்டுக்கு ஆள் சேர்த்து வருகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். கூலி அவர் கையால் போகிறதென்றால், அவர் பண்ணைக்காரரின் ஊழியர் என்று எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வரை, அந்த ஆட்களுக்கு முதலாளி அவர்தான், 943 போடுவதும் அவர்தான். பண்ணைக்காரர் அவருடைய பெயர், விலாசம், முதலாளி அடையாள இலக்கம் மூன்றையும் வாங்கி வைக்க வேண்டும். நான் அதை ஒப்பந்தக்காரருக்கான முதல் காசோலை எழுதும் முன்பே கேட்பேன். காசு கொடுத்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

ஒரு பண்ணையை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்

இது பழகுவதற்காக நான் போட்ட கணக்கு, யாருடைய பண்ணையும் அல்ல. 2025-ஆம் ஆண்டு. நிரந்தர ஆட்கள் 4 பேர், மொத்தச் சம்பளம் 152,000 டொலர். பருவ ஆட்கள் 22 பேர், 96,400. எச்-2ஏ ஆட்கள் 6 பேர், 81,000. முதலாளியின் 16 வயது மகன், 3,200. பண்ணை தகப்பன் பெயரில்.

வரிக்குரிய சம்பளம் முதல் இரண்டு கூட்டம் மட்டும்: 248,400. சமூகப் பாதுகாப்பு வரிக்கு இரு பங்கையும் சேர்த்து 0.124-ஆல் பெருக்கினால் 30,801.60. மெடிகெயாருக்கு 0.029-ஆல் பெருக்கினால் 7,203.60. வருமான வரியாகப் பிடித்தது 11,480 என்று வையுங்கள். கூட்டினால் 49,485.20.

சமூகப் பாதுகாப்பு வரிக்கு ஒருவருக்கு இவ்வளவு சம்பளம் வரைதான் என்று ஓர் எல்லை உண்டு. 2025-க்கு அது 176,100 டொலர். மெடிகெயாருக்கு எல்லை இல்லை. 200,000-ஐத் தாண்டிய சம்பளத்துக்கு வேலையாளிடம் மட்டும் இன்னொரு 0.9 வீதம் பிடிக்க வேண்டும். பண்ணை ஆட்களில் இதைத் தொடுகிறவர் அபூர்வம். முகாமையாளர் யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிச் சதக் கணக்கு. ஒவ்வொரு சம்பளத் துண்டிலும் மென்பொருள் தனித்தனியாக 7.65 வீதம் பிடித்துச் சதத்துக்கு முழுமையாக்கும். வருடக் கடைசியில் கூட்டினால் 19,002.47 வருகிறது, படிவத்தின் பெருக்கலில் வேலையாள் பங்கு 19,002.60. பதின்மூன்று சதம் குறைவு. இதைத் தேடிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்காராதீர்கள். சரிக்கட்டல் என்றே படிவத்தில் ஒரு வரி இருக்கிறது, அதில் கழித்தல் 0.13 என்று போட்டால் முடிந்தது. மொத்தம் 49,485.07. சதத்தில் வித்தியாசம் வந்தால் அது முழுமையாக்கியதால் வந்தது. டொலரில் வந்தால் யாரோ ஒருவர் பிழையான கூட்டத்தில் இருக்கிறார். அப்போது பெயர்ப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

படிவத்தின் முதல் வரியை நான் வேண்டுமென்றே பிந்தி வைத்திருக்கிறேன். அது கேட்பது மார்ச் 12-ஆம் திகதி விழுகிற சம்பளக் காலத்தில் சம்பளப் பட்டியலில் இருந்த பண்ணை ஆட்களின் எண்ணிக்கை. போன தையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகும்போது தங்கச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அக்கா, இதில ஒன்பது எண்டு வருது. டபிள்யூ-2 முப்பத்திமூண்டு அடிச்சிருக்கிறம். எங்கயோ பிழை.”

பிழை இல்லை. மார்ச்சில் நிரந்தர ஆட்கள் நான்கு பேரும் கொடி கட்ட வந்த ஐந்து பேரும்தான். அறுவடைக்காரர் வந்தது ஓகஸ்டில், எச்-2ஏ ஆட்கள் ஜூனில், பையன் கோடை விடுமுறையில். திராட்சைப் பண்ணைக்கு இந்த வரி எப்போதும் மெலிந்துதான் இருக்கும். அதை “திருத்தி” 33 என்று போட்டுவிடாதீர்கள்.

எப்போது கட்டுவது

வருடத்தின் மொத்த வரி 2,500 டொலருக்குக் குறைவென்றால் படிவத்தோடு சேர்த்துக் கட்டலாம். அதற்கு மேல் என்றால் வருடம் ஓடும்போதே கட்டிக்கொண்டு வர வேண்டும். எப்படி என்பதை இரண்டு வருடத்துக்கு முந்தைய 943 தீர்மானிக்கும். அதில் மொத்த வரி 50,000 அல்லது அதற்குக் கீழ் என்றால் மாதக் கணக்கு: இந்த மாதம் கொடுத்த சம்பளத்துக்கான வரியை அடுத்த மாதம் 15-க்குள். 50,000-ஐத் தாண்டியிருந்தால் கிழமைக்கு இரண்டு முறைக் கணக்கு: புதன், வியாழன், வெள்ளியில் கொடுத்த சம்பளத்துக்கு அடுத்த புதன். சனி முதல் செவ்வாய் வரை கொடுத்ததற்கு அடுத்த வெள்ளி. எந்த முறையில் இருந்தாலும், சேர்ந்த வரி 100,000 டொலரைத் தொட்டால் அடுத்த வேலை நாளே கட்ட வேண்டும்.

மேலே போட்ட பண்ணையைத் திரும்பப் பாருங்கள். 2025-இல் 49,485.07. அதனால் 2027-இல் மாதக் கணக்கு. இன்னும் 515 டொலர் கூடியிருந்தால் 2027 முழுக்கக் கிழமைக்கு இரண்டு முறை ஓட வேண்டியிருக்கும். இதை முதலாளிக்கு இப்போதே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. 2027-இல் யாரும் 2025-ஐ நினைத்துப் பார்க்கமாட்டார்கள்.

பணம் ஈ.எஃப்.டி.பி.எஸ். என்ற அரசாங்க இணையத்தளம் வழியாகப் போகிறதென்றால், கெடு நாளுக்கு முந்தைய நாள் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 8 மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். கோடையில் அது நமக்குக் கெடு நாளின் காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அதாவது 15-ஆம் திகதி கெடு என்றால் இங்கே 15-ஆம் திகதி எழும்பிப் பார்ப்பதில் பயனில்லை. நான் நாட்காட்டியில் 12 என்று குறித்துவிடுவேன். கார்த்திகை, மார்கழி மழைக்கு இங்கே மின்சாரம் போகும், இணையம் போகும். அமெரிக்க வரிக்காரருக்கு நம் மாரி மழை தெரியாது.

பிந்தினால் தண்டம் நாளைப் பொறுத்து ஏறும். ஐந்து நாள் வரை 2 வீதம், ஆறில் இருந்து பதினைந்து நாள் வரை 5, அதற்கு மேல் 10. அமெரிக்க வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ். முதல் அறிவித்தல் அனுப்பிப் பத்து நாள் கழிந்தும் கட்டாவிட்டால் 15. வேலையாளிடம் பிடித்த பணத்தை முதலாளி வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் கதை இன்னும் மோசம். பிடித்த பணம் அரசாங்கத்துடையது, முதலாளி அதைக் காவல் வைத்திருப்பவர் மட்டும்தான். கட்டாமல் விட்டதற்குப் பொறுப்பான ஆளிடம் நேரடியாக அந்தத் தொகை முழுவதையும் தண்டமாக அறவிட முடியும். யாருக்குரிய பணத்தை முதலில் கட்டுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் உள்ள கணக்காளரும் அதற்குள் வரக்கூடும். அதனால் என் வாடிக்கையாளர் வங்கிக் கணக்கில் எனக்குக் கொடுப்பனவு அதிகாரம் வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறேன். தொகையைத் தயார் செய்து தருவேன், அழுத்துவது அவர் விரல்.

அந்தத் தளத்தில் படிவ எண்ணைத் தேர்வு செய்கிற இடம் ஒன்று வரும். ஒரு பண்ணையில் எனக்கு முன் இருந்தவர் வருடம் முழுக்க 941 என்று தெரிவு செய்து கட்டியிருக்கிறார். பணம் போயிருக்கிறது, நேரத்துக்கும் போயிருக்கிறது, ஆனால் 943 கணக்கில் ஒரு சதமும் இல்லை. கட்டவில்லை என்று தண்ட அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு கட்டணத்தின் ஒப்புகை இலக்கத்தையும் எடுத்துக் கடிதம் எழுதி மாற்ற வைத்தோம். அதற்குப் பிறகு ஒப்புகையைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே படிவ எண், மாதம், தொகை மூன்றையும் போடுகிற பழக்கம் எங்கள் அறையில் கட்டாயம்.

மாதவாரிச் சுருக்கம்

மாதக் கணக்கில் கட்டுகிறவர் 943-இன் கீழே பன்னிரண்டு பெட்டியையும் நிரப்ப வேண்டும். கிழமைக்கு இரண்டு முறைக்காரர் அதை விட்டுவிட்டு 943-ஏ என்ற தனித் தாளில் நாள்வாரியாகப் போட வேண்டும்.

பெட்டியில் எழுத வேண்டியது வரி எந்த மாதத்தில் உண்டானது என்பது, எந்த மாதத்தில் கட்டினீர்கள் என்பது அல்ல. செப்டெம்பர் 26 அன்று சம்பளம் கொடுத்து, ஒக்டோபர் 14 அன்று கட்டியிருந்தால் அது செப்டெம்பர் பெட்டி. இங்கே கட்டிய திகதியைப் பார்த்து நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படி நிரப்பினால் ஐ.ஆர்.எஸ். கணினிக்கு எல்லாமே பிந்திக் கட்டியது மாதிரியோ கட்டாமல் விட்டது மாதிரியோ தெரியும். அதேபோல், சம்பளம் கொடுத்த நாள்தான் கணக்கு, வேலை செய்த நாள் அல்ல. டிசம்பர் கடைசிக் கிழமை வேலைக்கு ஜனவரி 2-இல் காசு கொடுத்தால் அது புது வருடத்து 943. பன்னிரண்டு பெட்டியின் கூட்டுத்தொகை படிவத்தின் மொத்த வரியோடு சதம் பிசகாமல் பொருந்த வேண்டும், நம் கணக்கில் 49,485.07.

டபிள்யூ-2 உடன் ஒப்பிடுவது

943-ஐ அனுப்பும் முன், எல்லா டபிள்யூ-2-களையும் கூட்டிக் காட்டுகிற டபிள்யூ-3-ஐப் பக்கத்தில் வையுங்கள். அதில் முதலாளி வகை 943 என்ற பெட்டியில் அடையாளம் இட வேண்டும். 941-க்குரிய ஆட்கள் இருந்தால் அவர்களுக்கு வேறு டபிள்யூ-3. மூன்றாவது பெட்டி சமூகப் பாதுகாப்புச் சம்பளம், ஐந்தாவது மெடிகெயார் சம்பளம், இரண்டாவது பிடித்த வருமான வரி. இந்த மூன்றும் 943-இல் உள்ள அதே தொகைகளாக இருக்க வேண்டும். 943 போகிற ஐ.ஆர்.எஸ்.-உம் டபிள்யூ-3 போகிற சமூகப் பாதுகாப்பு அலுவலகமும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஒரு வருடம் கழித்துக் கடிதம் வரும், அப்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. முதலாவது பெட்டி மட்டும் கூடுதலாக இருக்கலாம். நம் பண்ணையில் எச்-2ஏ ஆட்களும் மகனும் சேர்ந்து 84,200 கூடுதல். அது சரிதான்.

பத்துப் படிவத்துக்கு மேற்பட்டாலும் சரி, சரியாகப் பத்து என்றாலும் சரி, கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பத்து என்பது டபிள்யூ-2 மட்டுமல்ல, 1099 போன்ற மற்றத் தகவல் படிவங்களையும் சேர்த்து எண்ணுவது.

பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எல்லாரையும் முதலெழுத்தும் பெயருமாகச் சுருக்குவது. மெக்சிகோ ஆட்களுக்கு இரண்டு குடும்பப் பெயர், தகப்பன் பக்கம் ஒன்று, தாய் பக்கம் ஒன்று. பின்னால் வருவதைத் தேவையில்லாதது என்று வெட்டிவிட்டால் சமூகப் பாதுகாப்புப் பதிவோடு பெயர் பொருந்தாது. அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படி. இலக்கம் 9-இல் தொடங்கினால் அது சமூகப் பாதுகாப்பு இலக்கம் அல்ல, தனிநபர் வரி இலக்கம். டபிள்யூ-2-இல் அதைப் போடக் கூடாது. இந்த இலக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலையும் வேண்டாம். எங்கள் பட்டியலில் கடைசி நான்கு எண் மட்டும்தான் தெரியும்.

கெடுவும் கையெழுத்தும்

943-க்கும் டபிள்யூ-2-க்கும் கெடு ஜனவரி 31. அது சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாள். 2025-க்குரிய படிவம் அப்படித்தான் 2026 பெப்ரவரி 2-க்குத் தள்ளிப் போனது. வருடம் முழுக்க எல்லாவற்றையும் நேரத்துக்கு முழுமையாகக் கட்டியிருந்தால் 943-க்கு மட்டும் பெப்ரவரி 10 வரை நேரம் கிடைக்கும். டபிள்யூ-2-க்கு அந்தச் சலுகை இல்லை, அதனால் நான் இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடுவேன். பொங்கலுக்கு முன் பட்டியல் சரிபார்ப்பு, பொங்கல் கழிந்து படிவம்.

வேலையாட்களே இல்லாத வருடத்துக்கும், இனி ஆள் வைக்கப் போவதில்லை என்று கடைசிப் படிவத்தில் அடையாளம் போடாத வரை, படிவம் அனுப்ப வேண்டும். பூச்சியம் போட்டு அனுப்பாமல் விட்டதற்காக வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் என் நேரம் கணிசமாகப் போயிருக்கிறது.

கையெழுத்து பண்ணைக்காரருடையது. கூலி வாங்கிக்கொண்டு படிவத்தைத் தயாரித்துப் பொறுப்பேற்பவர் பி.டி.ஐ.என். என்ற தயாரிப்பாளர் இலக்கம் எடுத்துத் தானும் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க இலக்கம் இல்லாத வெளிநாட்டவரும் படிவம் 8946 போட்டு அதை எடுக்கலாம். என் ஏற்பாட்டில் வரைவு என்னுடையது, அங்குள்ள கணக்காளர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். தொடங்குகிறவர்களுக்கு இந்த ஏற்பாடுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

943-ஓடு வேலை முடிகிறதா என்றால் இல்லை. ஒரு காலாண்டில் 20,000 டொலருக்குக் குறையாமல் காசுச் சம்பளம் கொடுத்த பண்ணையும், வெவ்வேறு 20 கிழமைகளில் பத்து ஆட்களையோ அதற்கு மேலோ வைத்திருந்த பண்ணையும் வேலையின்மை வரிக்குப் படிவம் 940-உம் போட வேண்டும். எச்-2ஏ சம்பளம் இந்தச் சோதனையில் சேரும், ஆனால் அதற்கு இந்த வரி இல்லை. ஆளுக்கு முதல் 7,000 டொலருக்குத்தான் வரி, வழமையான கழிவு போக 0.6 வீதம். கலிபோர்னியா மத்திய அரசிடம் வாங்கிய வேலையின்மைக் கடனைத் திருப்பித் தராததால் அங்குள்ள முதலாளிகளுக்குக் கழிவு குறைந்துகொண்டே வருகிறது, 2024-இல் 0.9 வீதம் கூடுதலாகக் கட்டினார்கள். மாநிலத்துக்கு வேறு காலாண்டுப் படிவங்கள் உண்டு, அது தனிக் கதை.

பழைய கைநூல் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு: விவசாய முதலாளிகளுக்கென்று தனியாக வந்த வெளியீடு 51 இப்போது வருவதில்லை, 2024 முதல் எல்லாம் வெளியீடு 15-க்குள் போய்விட்டது.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் இன்னொரு 943 அனுப்பாதீர்கள். 943-எக்ஸ் என்று திருத்தப் படிவம் இருக்கிறது, ஒரு வருடத்துக்கு ஒன்று. எச்-2ஏ ஆளுக்குத் தவறாக வரி பிடித்திருந்தால், முதலில் அந்த ஆளுக்குப் பிடித்த பங்கைத் திருப்பிக் கொடுத்து அதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கி, பிறகுதான் முதலாளி பங்கோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அவருடைய டபிள்யூ-2-ஐயும் டபிள்யூ-2சி போட்டு மாற்ற வேண்டும். கூடுதலாகக் கட்டியதை மீட்கப் பொதுவாக மூன்று வருடம் கிடைக்கும். நேரத்துக்கோ முந்தியோ அனுப்பிய 943 அடுத்த வருடம் ஏப்ரல் 15-இல் அனுப்பியதாகவே கொள்ளப்படுவதால், 2025-க்குரியதற்கு 2029 ஏப்ரல் 15 வரை. சம்பளப் பட்டியல், டபிள்யூ-4, கட்டண ஒப்புகை, தட்டு எண்ணிக்கை எழுதிய தாள் உட்பட எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வருடம் வைத்திருங்கள். தாளைப் படம் எடுத்து வைத்தாலும் போதும், ஆனால் எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தாளை எறியுங்கள்.